நாச்சியார் காசும் மதுரவல்லியின் வாயும்

பாத்திரக்கடை இசக்கிமுத்து அண்ணாச்சியின் மூக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இல்லாமல் போனபோது சங்குமுகப்பேட்டையில் யாரும் ஆச்சரியப்படவில்லை, எரிச்சல்தான் பட்டார்கள், ஏனென்றால் அந்த மூக்கு ஊரில் நுழையாத வீட்டு விவகாரம் கிடையாது, போகிற மூக்கு அஞ்சாறு வருஷம் முந்தியே போய்த் தொலைந்திருந்தால் எத்தனையோ சம்பந்தங்கள் முறியாமல் இருந்திருக்கும். எதிர்ச்சாரியில் சுடர் அழகு நிலையம் வைத்திருந்த சுடர்க்கொடிதான் அதை முதலில் பார்த்தாள். ஒரு கல்யாணப் பெண்ணின் கால் நகத்துக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினால், அண்ணாச்சி கடைவாசலில் நின்று முகத்தைத் துண்டால் துடைக்கிறார், துண்டு நெற்றியிலிருந்து மேலுதடு வரைக்கும் எங்கேயும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறது.

"அண்ணாச்சி, மூக்கு எங்க?" என்று கேட்டாள், தன்னுடைய அந்தச் சிரிப்போடு.

"உள்ளதாம்ட்டி இருக்கும்," என்றார் அண்ணாச்சி. "வேலை கெடக்கு, போ."

காரணம் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. அந்த ஐப்பசியில் ஆறு கரையை அறுத்துக்கொண்டு போனதல்லவா, போன இடத்தில் மணலுக்குள்ளிருந்து நாச்சியார் காசுகள் அள்ள அள்ள வந்தன, ஒன்றிரண்டாவது இல்லாத வீடில்லை. ஆழிநாச்சியார் என்று முன்னொரு காலத்தில் ஒரு ராணி இருந்தாளாம், யார்மேலாவது கோபம் வந்தால் உடனே ஒரு காசு அடிக்கச் சொல்லுவாளாம், அவளுக்குக் கோபம் வராத நாளே கிடையாது என்பதால்தான் ஆறு முழுக்கக் காசு என்பார்கள். வெள்ளிக் காசு. ஒரு பக்கம் சங்கு. மறுபக்கம் நேருக்கு நேர் முறைக்கிற அவள் முகம்: சேர்ந்த புருவம், பெரிய மூக்கு, அதில் மூக்குத்தி, பிடிக்காத ஆள் நடுவீட்டில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி ஒரு உதடு. அண்ணாச்சி தன் காசை எடுத்து, கடையில் பித்தளைக் குடத்துக்கு என்ன செய்வாரோ அதையே செய்தார், புளியை உருட்டி, திருநீற்றைத் தொட்டு, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தார். காசில் மேடாக இருப்பது மூக்குதான், அதனால் ராணி மூக்கு முதலில் போயிற்று, ராணி மூக்கு போன அதே நேரத்தில் அண்ணாச்சி மூக்கும் போயிற்று. காசின் முகத்துக்கு யார் என்ன செய்கிறார்களோ அது செய்கிறவர் முகத்துக்கு நடக்கும், அவ்வளவுதான் விஷயம். ஏன் நடக்கிறது என்று கேட்க ஊரில் யாருக்கும் நேரமில்லை, கார்த்திகை பிறந்து விட்டிருந்தது.

அண்ணாச்சிக்கு மூச்சு விட இரண்டு துளை மிச்சமிருந்தது, சட்டைப் பொத்தானில் இருக்குமே அந்த மாதிரி. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வலிக்குதா? வலிக்கலையா? சாப்பாடு இறங்குதா? அப்புறமென்ன, சத்து மாத்திரை எழுதுறேன், காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு," என்றார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மூக்கில்லாதவர்களுக்கென்று கண்ணாடியைக் காதோடு சேர்த்து இழுத்துக் கட்டும் ரப்பர் பட்டை வரவழைத்துத் தொங்கவிட்டார். அண்ணாச்சி சம்சாரம், "குறட்டை பாதியா கொறைஞ்சிருக்கு, கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு," என்று குழாயடியில் சொன்னாள். கவுன்சிலர் மைக்கைப் பிடித்து, "நமது பாசமிகு அண்ணாச்சி அவர்கள் இன்று மூக்கை இழந்திருக்கலாம், ஆனால் அவரது முகத்தின் பொலிவைப் பாருங்கள், பாருங்கள், நன்றாகப் பாருங்கள்!" என்றார். பார்த்தால் அது உண்மை. அண்ணாச்சி முகம் கல்யாண வீட்டு அண்டா மாதிரி மினுங்கியது, எதிரே நிற்பவர் அதில் தலை சீவிக்கொள்ளலாம்.

அந்த மினுக்கத்துக்கு ஆசைப்பட்டு ஊரில் பாதி தேய்க்க ஆரம்பித்தது. தேய்ப்புக் கட்சி பிறந்தது இப்படித்தான். அண்ணாச்சி தலைவர், சுடர்க்கொடியின் நாத்தனார் மதுரவல்லி செயலாளர்.

மதுரவல்லியின் வாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பால்காரன் அவள் தெருவுக்குள் நுழையும்போது மணி அடிக்கமாட்டான், அவள் திட்டு ஏற்கெனவே தெருமுனைக்கு வந்து அவனை எதிர்கொண்டு அழைத்துப் போகும். எதிராளி எப்படிப் பேசுவாரோ அப்படியே, அதே குரலில், அதே இழுப்பில், பேசிக் காட்டித் திட்டுவாள், தாசில்தார் ஆபீஸ் கிளார்க்கின் திக்கலைத் திக்கி, அர்ச்சகரின் மூக்கடைப்பை அடைத்து, கடைசியில் திட்டுப்பட்டவருக்கே தன் குரல் எது அவள் குரல் எது என்று குழம்பிவிடும். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அந்த வாய்க்கு மூன்று வேளை ஆகாரம் சுடர்க்கொடி. "ஊரான் கால் நகத்த வெட்டி அதுல சோறு திங்கிறவ." "எந்தம்பி சைக்கிள்ல போயி எங்கியோ இடிச்சு இதக் கொண்டாந்துட்டான்." "வாங்கம்ம்ம்மா, ஒக்காருங்கம்ம்ம்மா, ஃபேசியலாம்ம்ம்மா?" என்று சுடர்க்கொடியின் கடைக்குரலை அவள் இழுத்தால் கோழிகூடத் திரும்பிப் பார்க்கும். சுடர்க்கொடி எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு, கடன் சொல்லாத சிரிப்பு. கல்யாணப் பெண்கள் நாலு ஊர் தாண்டி அந்தச் சிரிப்புக்காகவே அவளிடம் வந்தார்கள், அவள் கையில் முகத்தைக் கொடுத்தால் பயம் போய்விடும் என்றார்கள். சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் கடை வாடகை யார் கட்டுவது?

இனி, காசைத் தேய்க்காமல் முக்கி எடுக்கிற முக்குக் கட்சி. தபால் மாஸ்டர் ஞானதிரவியம் தன் காசை ஆல்பத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். ஊர் வெயிலில் அந்த உறை வியர்த்து, பச்சையாகப் பிசுபிசுவென்று ஒன்றைக் கக்கி, ராணி முகம் முழுக்கப் பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. "தேய்ச்சா மூக்கு போவும், விட்டா பச்சை அரிக்கும், என்னம்மா செய்ய?" என்று அழகு நிலையத்தில் வந்து உட்கார்ந்தார். சுடர்க்கொடியிடம் அசிட்டோன் இருந்தது, நகப்பூச்சை எடுக்க அவள் மருந்துக் கம்பெனி ஆளிடம் சொல்லி வாங்கும் சுத்தமான சரக்கு, அதற்கென்று கடையில் விற்கும் ரோஸ் நிறத் தண்ணீர் இல்லை. ஒரு பழைய காசை அதில் போட்டால் வெள்ளியை அது தொடாது, பசை, எண்ணெய், கைக்கறை, பிளாஸ்டிக் பிசுக்கு, இப்படி மேலே வந்து ஒட்டியதை மட்டும் தொடும் என்று அவளுக்குத் தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டு வாயால் சொல்லிக் கொடுத்தாள். "ஜன்னலத் தொறங்க சார். கண்ணாடிக் கிண்ணம்தான், பிளாஸ்டிக் ஆவாது. அடுப்பு, விளக்கு, பீடி ஒண்ணும் பக்கத்துல கூடாது. ஓரத்தப் பிடிங்க, முகத்துல விரல் படக்கூடாது. முக்குங்க. சும்மா இருங்க. தேய்க்காதீங்க சார், கை பரபரங்குது பாருங்க உங்களுக்கு, தேய்க்காதீங்க. அழுக்கு அதுவா எறங்கும். எறங்கினதும் ரெண்டாவது கிண்ணத்துல புதுசா ஊத்தி இன்னொரு முக்கு, இல்லேன்னா எறங்கின அழுக்கே காயும்போது திரும்பி ஒட்டிக்கிடும். துணியில வைங்க. தொடைக்க வேண்டாம், காத்தே ஒணத்தும்."

பச்சை இறங்கியது. ராணி அந்தப் பழைய கறுப்போடு, ஒரு சுருக்கம் குறையாமல், மாஸ்டரை முறைத்தாள். மாஸ்டர் முகத்திலிருந்தும் இறங்கியது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் "சொல்லுங்க, உங்களுக்கு என்ன செய்யணும்" என்று பூசி வைத்திருந்த அந்தப் பணிவு, ஏறி ஏறித் தடித்துப்போயிருந்த அது, அசிட்டோனில் நகப்பூச்சு போகிற மாதிரி போயேபோய்விட்டது. அடியில் இருந்தது ஸ்டாம்பு கேட்டு வருகிற மனிதக் கூட்டத்தின்மேல் அளவில்லாத வெறுப்பு. மறுநாள் தபால் ஆபீஸில் அவர் முகத்தைப் பார்த்த மூன்று பேர் கடிதமே வேண்டாம் என்று நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளக் கிளம்பினார்கள்.

இப்படி ஊர் இரண்டாகியது. தேய்ப்புக் கட்சிக்கு முகம் மினுங்கும், மூக்கு முழி இருக்காது. முக்குக் கட்சிக்கு மூக்கு முழி எல்லாம் இருக்கும், ஆனால் மேலே பூசினது ஒன்றும் தங்காது, மாமியாரைப் பார்த்தால் மாமியாரைப் பார்த்த மாதிரியே இருக்கும். கல்யாணங்களில் தேய்ப்புக்காரர்களை வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினார்கள், முக்குக்காரர்களைப் பந்திப் பக்கம் அனுப்பினார்கள், அவர்கள் நின்று பார்த்தால் ஒருவரும் இரண்டாம் தரம் பாயசம் கேட்பதில்லை. இரு கட்சியும் ஒரே கடையில் டீ குடிப்பதில்லை. "மொழுமொழு மூஞ்சி!" என்று இவர்கள், "கடுகடு மூஞ்சி!" என்று அவர்கள். தரகர் கொம்பையா தெரியாத்தனமாக ஒரு காசை முக்கிவிட்டு, பெண் வீட்டுக்காரர் எதிரில் மாப்பிள்ளையைப் பற்றித் தான் நினைப்பது முகத்திலேயே தெரிந்துபோய், தொழிலை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணை வைத்தார். கோழிகள் கண்டுகொள்ளவில்லை.

எல்லாருக்கும் முக்கச் சொல்லிக் கொடுத்த சுடர்க்கொடி மட்டும் ஒரு காசையும் தொடவில்லை. கேட்டவர்களிடம், "எனக்கு ஏதுங்க காசு, ஆத்துப் பக்கமே போவலியே," என்று சிரித்தாள்.

மதுரவல்லி தேய்த்தாள். தம்பி பெண்டாட்டி முக்கச் சொல்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காகத் தேய்த்தாள். மூக்கு போனது, புருவம் போனது, அப்புறமும் விடாமல் தேய்த்ததில் கண் இரண்டும் போனது. கண் போன அன்றைக்கு வீட்டுக்குள் தட்டுத் தடவி வந்தவள், "நல்லதாப் போச்சு, இனிமே அந்த முக்கி மூஞ்சியப் பாக்க வேண்டாம்," என்றாள். ஆனால் இரவெல்லாம் யோசித்திருக்கிறாள். மிச்சமிருப்பது வாய் ஒன்றுதான், அது போனால் மதுரவல்லி என்று ஒருத்தி இருந்ததற்கு என்ன அடையாளம்? காசில் ராணியின் உதடு மட்டும் முறைத்துக்கொண்டு நின்றது. அதன்மேல் எதையாவது பூசிப் பத்திரப்படுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்து, காலையில் தெருவைக் கடந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அழகு நிலையத்துக்குள் வந்தாள்.

"ஏட்டி. நிறமில்லாம ஒரு நெயில் பாலிஷ் இருக்காம்ல. குடு."

"எதுக்கு மதினி?"

"உன் நாக்குல அடிக்க. குடுடின்னா."

சுடர்க்கொடிக்கு அது எதற்கென்று தெரியும். போன வாரம்தான் தேய்ப்புக் கட்சி ஆள் ஒருத்தன் மினுக்கம் போகாமலிருக்கக் காசின் நெற்றியில் அதைப் பூசினான், அன்றிலிருந்து அவனால் நெற்றியைச் சுருக்க முடியவில்லை. புட்டியை எடுத்து மதினியின் கையில் வைத்தாள்.

"எத்தன தடவ அடிக்கணும்?"

"எவ்வளவு அடிச்சாலும் நல்லதுதான் மதினி," என்றாள் சுடர்க்கொடி, பொன் போன்ற சிரிப்பு ஒன்றைச் சிரித்து. சிரிப்பு கண்ணில்லாதவளிடம் வீண்தான். பழக்கம் விடவில்லை.

புட்டி தீர அடித்தாள் மதுரவல்லி. சாயங்காலம் தெருமுனையில் பால்காரன் தன்னை வரவேற்க யாருமில்லாமல் திகைத்து நின்றான். அவள் உதட்டின்மேல் கண்ணாடி மாதிரி ஒன்று படர்ந்து, இழுத்துக் கட்டி, வாய் திறக்கவில்லை.

அந்த அமைதி இருக்கிறதே, சங்குமுகப்பேட்டை அதைக் கொண்டாடியது. தாசில்தார் ஆபீஸ் கிளார்க் அவள் வீட்டு வழியாக நடந்தே போனார், தேவையில்லாமல் திரும்பியும் வந்தார். அர்ச்சகர் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினார், அதைத் தின்ன முடியாதென்று தெரிந்தே கொடுத்தனுப்பினார். முக்குக் கட்சி வெடி போட்டது, தேய்ப்புக் கட்சியும், செயலாளர் என்றும் பாராமல், ஒரு சரம் போட்டது. பிறகு வெடிக் குப்பையைக் கூட்டி அள்ளும்போதுதான் வாய் திறக்காதவள் சாப்பிடவும் மாட்டாள் என்பது ஊருக்கு உறைத்தது. கம்பவுண்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். மதுரவல்லியின் கையெல்லாம் ஊசித்தடமாகி, நரம்பு கிடைக்காமல், தோள் எலும்பு துருத்தியது. சுடர்க்கொடியின் கணவன் பரமகுரு அக்காவின் காலடியில் உட்கார்ந்து, "அக்கா, என்னை ஒரு வார்த்த திட்டுக்கா, கையாலாவாதவனேன்னு சொல்லுக்கா," என்று அழுதான்.

தேய்ப்புக் கட்சிக்கு முக்குகிறது கௌரவக் குறைச்சல். ஆனாலும் செயலாளர் சாகக் கூடாது. ஆகவே கதவை அடைத்துக்கொண்டு, அவள் கையாலேயே காசை முக்கவைத்துப் பார்த்தார்கள். கேட்டுத் தெரிந்துகொள்வது அதைவிடக் கௌரவக் குறைச்சல் என்பதால், கடையில் அந்த ரோஸ் தண்ணீரை வாங்கினார்கள், எண்ணெயும் வாசனையும் கலந்தது, அது பூச்சை இளக்கிப் பிசினாக்கியதோடு சரி. அப்புறம் அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு டப்பா நல்ல அசிட்டோன் கொண்டுவந்தார், கொண்டுவந்ததைக் கல்யாண வீட்டில் பாயசம் ஊற்றுகிற மெல்லிசு பிளாஸ்டிக் தம்ளரில் ஊற்றி மதுரவல்லி கையில் கொடுத்தார். அவள் காசைப் போட்டாள். தம்ளர் சர்க்கரைப் பாகு மாதிரி கரைந்து, சுருண்டு, காசின்மேல் கவிந்து இறுகியது. கதவைத் திறந்தபோது மதுரவல்லியின் முகம் மூக்குத் துளைக்குக் கீழே தாடை வரைக்கும் ஒரே பிளாஸ்டிக் தகடு.

பரமகுரு கடைக்கு ஓடிவந்தான். "சுடரு. நீ வந்து பிடிச்சாத்தான் ஆவும். அக்காவுக்குக் கண்ணு தெரியாது, கை நடுங்குது, காச நழுவ விட்டுருவா. ரெண்டு பேருமா சேந்து பிடிங்க."

சேர்ந்து பிடித்தால் இரண்டு பேருக்கும் இறங்கும். சுடர்க்கொடி சுவரிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள், கண்ணாடி சிரித்தது. தை பிறந்தால் முகூர்த்தம், முன்பணம் கொடுத்த பெண்கள் வரிசையாக வரப்போகிறார்கள், கடுகடு மூஞ்சிக்காரியிடம் எந்தப் பெண் தன் முகத்தைக் கொடுப்பாள்? அதோடு பரமகுரு. இவனும் கட்டினது அந்தச் சிரிப்பைத்தான். அடியில் என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாதபோது அவன் அதோடு எப்படிக் குடும்பம் நடத்துவான்?

"பாத்துட்டு வாரேன்," என்று மட்டும் சொன்னாள்.

நாத்தனார் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை. ஊசித்தடத்தோடு இரண்டு கை இருந்தது. காலடிச் சத்தத்தில் யாரென்று கண்டுகொண்ட அந்தக் கை மெதுவாக மேலே எழுந்தது. எழுந்து, சுண்டுவிரலை நீட்டி, இடுப்பை ஒடித்து நடக்கிற மாதிரி காற்றில் நடந்தது, நின்று, கூப்பி, குழைந்தது. வாங்கம்ம்ம்மா, ஒக்காருங்கம்ம்ம்மா. சத்தமே இல்லாமல் அச்சு அசல் சுடர்க்கொடி. சாகிற நேரத்திலும்!

சுடர்க்கொடிக்குள், சிரிப்புக்கு வெகு கீழே, ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. கல்யாணமான நாள் தொட்டு இவளுக்குச் சொல்லாமல் விழுங்கிய பதிலெல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கிறது, இவள் செத்துப்போனால் அதையெல்லாம் யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது? சரி, இப்போதே சொல்லிவிடலாமென்றால், திருப்பிச் சொல்ல வாயில்லாதவளைத் திட்டுவதில் என்ன ருசி இருக்கிறது?

"எந்திரிங்க மதினி," என்றாள். "கடைக்குப் போவோம். உங்க வாயத் தொறந்து வச்சுட்டு நான் பேச வேண்டியது நெறைய இருக்கு."

ஊர் முழுக்கத் தெருவில் கூடிவிட்டது, டீக்கடைப் பக்கம் முக்குக் கட்சி, பாத்திரக்கடைப் பக்கம் தேய்ப்புக் கட்சி. சுடர்க்கொடி கதவையும் ஜன்னல்களையும் விரியத் திறந்தாள், சாமி படத்துக்கு முன்னாலிருந்த விளக்கை ஊதி அணைத்தாள், ஊதுபத்தியைத் தண்ணீரில் முக்கினாள். பொடி கலக்கும் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவித் துடைத்து வைத்தாள். அசிட்டோன் புட்டியின் மூடியைத் திருகுகிற நேரத்தில் வாசலில் வெளிச்சம். அண்ணாச்சி தட்டில் சூடம் எரிய நிற்கிறார்.

"நல்ல காரியம்ட்டி. ஒரு சூடம் காட்டாம எப்படி ஆரம்பிக்கது?"

"அண்ணாச்சி, மூக்குன்னு ஒண்ணு இருந்தா வாடையாவது தெரிஞ்சிருக்கும்! பெட்ரோல் பங்குல போயி சூடம் காட்டுவீரா? நகரும்! தெருமுக்குக்குப் போயி காட்டும், அங்கன இருந்தாலும் சாமிக்குத் தெரியும்!"

அண்ணாச்சி போனார். போகிற வழியில் முக்குக் கட்சி கை தட்டியது, தபால் மாஸ்டர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

சுடர்க்கொடி மூடியைத் திறந்து ஊற்றினாள். மதுரவல்லியின் வலது கையைப் பிடித்து, காசின் ஒரு ஓரத்தில் அவள் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்தாள், எதிர் ஓரத்தில் தன்னுடையதை. ஒரே காசின் இரண்டு பக்கம் இரண்டு பேர், ஜென்மத்தில் இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. குளிர்ந்த திரவத்துக்குள் காசு இறங்கியது. இறங்கியதும் மதுரவல்லியின் கட்டைவிரல், பழக்க தோஷம், ராணியின் உதட்டை நோக்கி நகர்ந்தது. சுடர்க்கொடி அந்த மணிக்கட்டில் சுள்ளென்று ஒன்று போட்டாள்.

"தேய்க்காதீங்க. அதுவா வரும்."

நாத்தனாரை அவள் அடித்தது ஜன்னல் வழியாக ஊருக்கே தெரிந்தது, ஊர் ஒரே மூச்சாக மூச்சை இழுத்தது. மதுரவல்லியின் விரல் அப்படியே நின்றது.

காத்திருந்தார்கள். பிளாஸ்டிக் முதலில் வெளுத்தது, பிறகு சளியாகத் தொங்கியது, பிறகு கழன்று கிண்ணத்தின் அடியில் போய்ப் படிந்தது. கலங்கிப்போன அந்தக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு இரண்டாவதில் புதிதாக ஊற்றி முக்கினார்கள். அதற்குக் கீழே நெயில் பாலிஷ், ஒரு புட்டி முழுக்க, அடுக்கடுக்காக, ஆறின பாலில் ஆடை மடிகிற மாதிரி ஓரத்திலிருந்து மடிந்து மேலே வந்தது. அது வரும்போது சுடர்க்கொடிக்குத் தன் உதட்டின் இரண்டு கோடியிலும் சில்லென்றது. வலிக்கவில்லை. நாள் முழுக்க இறுக்கிக் கட்டியிருந்த பின்னலை அவிழ்த்தால் தலை எப்படி இருக்கும், அப்படி. கன்னத்தில் ஒட்டியிருந்தது, கண்ணோரத்தில் ஒட்டியிருந்தது, தாடைக்குக் கீழே வரைக்கும் ஓடியிருந்தது, அவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று அவளே நினைக்கவில்லை, எல்லாம் இறங்கிற்று. ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பரமகுரு ஒரு அடி பின்னால் வைத்தான்.

காசைத் துணியில் வைத்தார்கள். ஈரம் காற்றோடு போயிற்று. வெறும் வெள்ளி வட்டம், நடுவில் ராணியின் உதடு மட்டும் பழைய கறுப்போடு முறைத்தது. மூக்கு வரவில்லை, கண் வரவில்லை, மேலே ஏறியதுதான் இறங்கும், தேய்ந்து போனது போனதுதான். மதுரவல்லியின் வழவழத்த முகத்தில் ஒரு கோடு விழுந்தது, கோடு பிரிந்தது, வறண்ட உதடு இரண்டு ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்தது. ஊர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"தூ," என்றாள் மதுரவல்லி. "கடையா இது, என்னா நாத்தம்."

"உங்க நாத்தந்தான் மதினி. கிண்ணத்து அடியில கெடக்கு, மோந்து பாருங்க, மூக்கு இருந்தா."

"ஏட்டி! யாரப் பாத்து என்ன பேசுத?"

"நான் உங்களப் பாத்துத்தான் பேசுதேன். நீங்கதான் யாரையும் பாக்க முடியாது."

தெருவில் ஒருத்தர் செருமினார், ஒருத்தர் ஓடிப்போய் நாற்காலி எடுத்து வந்தார். அதற்கப்புறம் நடந்ததை சங்குமுகப்பேட்டை இன்றைக்கும் முழுசாகச் சொல்லிக் காட்ட முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் மதுரவல்லி சுடர்க்கொடி குரலில் திட்ட, சுடர்க்கொடி மதுரவல்லி குரலில் திருப்பித் திட்ட, சைக்கிளில் போய் இடித்துக் கொண்டுவந்ததில் தொடங்கி, தலைதீபாவளிக்குக் கொடுத்த சாயம் போன சேலை, வளைகாப்பில் பரிமாறாமல் எடுத்து வைத்த அதிரசம், ஊர் நகத்தில் சோறு, நெயில் பாலிஷ் புட்டி, "தெரிஞ்சேதானடி குடுத்த?" "தெரிஞ்சேதான் குடுத்தேன், தீந்துருந்தா இன்னொண்ணும் குடுத்துருப்பேன்," என்று அது போய்க்கொண்டே இருந்தது, நடுவில் சுடர்க்கொடி ஒரு சொம்பு தண்ணீரை அவள் கையில் திணித்து, "குடிச்சுட்டுத் திட்டுங்க, தொண்ட கட்டுது," என்றாள், மதுரவல்லி மடக் மடக்கென்று குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து எடுத்தாள், ஒரு சொல் சிந்தவில்லை. தேய்ப்புக் கட்சிக்காரன் ஒருவன் தன்னை மறந்து முக்குக் கட்சி டீக்கடையில் டீ சொல்லிவிட்டான், கடைக்காரனும் தன்னை மறந்து கொடுத்துவிட்டான், பிறகு இரண்டு பேருக்கும் நினைவு வந்து அதற்கு ஒரு சண்டை தனியாக நடந்தது.

கடைசியில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மதுரவல்லி சொம்பைக் கீழே வைத்தாள்.

"இங்க வா."

"எதுக்கு?"

"வாடின்னா. பாக்கணும்."

சுடர்க்கொடி அருகில் போய்க் குனிந்தாள். கை ஓங்கினால் திருப்பி அடிக்கத் தயாராகத்தான் குனிந்தாள். ஊசித்தடம் நிறைந்த கை மேலே வந்தது, காற்றில் தடவி, காதைக் கண்டுபிடித்தது, பிறகு இரண்டு கையாலும், கன்னத்தில் ஒரு விரல் படாமல், நெற்றிமயிர் ஓரத்திலும் தாடை விளிம்பிலும் மட்டும், சற்று முன் காசைப் பிடித்தாளே அதே மாதிரி, அந்த முகத்தைப் பிடித்தது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். சுடர்க்கொடியின் தாடை இறுகியிருந்தது, நெற்றி நரம்பு துடித்தது, சிரிப்பென்று ஒரு துளி எங்கேயும் இல்லை.

"இதுதானா நீ," என்றாள் மதுரவல்லி. "இப்படி ஒண்ண வச்சுக்கிட்டா இத்தன நாளும் பல்லக் காட்டிட்டுத் திரிஞ்ச, கூறுகெட்டவளே?"

"கைய எடுங்க மதினி," என்றாள் சுடர்க்கொடி. "அழுத்தினா தடம் விழும்."